கோடு விழும் இடம்

1857இல் பிரான்ஸின் மத்தியதரைக் கடற்கரையில், சேத் என்ற துறைமுக ஊரில், குஸ்தாவ் லெ கிரே ஓர் அலையைப் படமெடுத்தார். கரையை நோக்கிப் புரண்டு வரும் அலை, மேலே திரண்டு நிற்கும் மேகம். பார்த்தவர்கள் வியந்துபோனார்கள். அந்த மேகமும் அந்த அலையும் ஒரே தகட்டில் பதிந்தவை அல்ல. கடலுக்கு ஒரு நெகட்டிவ், வானத்துக்கு இன்னொன்று. அடிவானக் கோட்டில் இரண்டையும் பொருத்தி ஒரே தாளில் அச்சிட்டார். மனதுக்குப் பிடித்த வானம் ஒன்று அமைந்துவிட்டால், அதையே வேறு கடல்களின் மேலும் வைத்தார்.

அவருக்கு வேறு வழியும் இருக்கவில்லை. அன்றைய கொலோடியன் தகடு நீல ஒளியை மட்டுமீறி உணரும். பச்சையும் சிவப்பும் அதற்கு ஏறக்குறைய இருட்டு. தரையோ கடலோ சரியாகப் பதியும்வரை காத்திருந்தால் வானம் வெறும் வெள்ளையாக எரிந்துபோகும். 1873இல் ஜெர்மானிய வேதியியலாளர் ஹெர்மன் ஃபோகல், தகட்டின் ரசாயனத்தோடு சாயம் சேர்த்தால் அது பச்சையையும் பார்க்கத் தொடங்கும் என்று கண்டார். 1906இல் இங்கிலாந்தின் ராட்டன் அண்ட் வெயின்ரைட் நிறுவனம் எல்லா நிறங்களையும் உணரும் தகடுகளை விற்பனைக்குக் கொண்டுவந்தது. நிறக் குருடு அதோடு தீர்ந்தது. ஆனால் வானம் தரையைவிடப் பிரகாசமானது என்ற உண்மையை எந்தச் சாயமும் மாற்றப் போவதில்லை. நிலக்காட்சிப் படக்காரர்கள் லென்ஸுக்கு முன்னால் பாதி கறுத்த ஒரு ஃபில்டர் பலகையைச் செருகிக்கொண்டு நிற்பது அந்த உண்மைக்காகத்தான்.

அந்த வித்தியாசம் எவ்வளவு என்பதை எண்ணில் பார்ப்போம். கன்னியாகுமரிக் கரையில் விடியலுக்குக் காத்திருக்கிறீர்கள். காலடியில் ஈரப்பாறை. கேமராவைப் பாறையை நோக்கித் திருப்பி அளந்தால் 1/4 நொடி என்கிறது. அதே அபெர்ச்சரில் கிழக்கு வானத்தை அளந்தால் 1/125 நொடி. 1/4, 1/8, 1/15, 1/30, 1/60, 1/125 என்று இரண்டுக்கும் இடையில் ஐந்து படிகள். ஒவ்வொரு படியும் ஒளியைப் பாதியாக்குகிறது. இந்தப் படிக்குத்தான் ஸ்டாப் என்று பெயர். ஐந்து ஸ்டாப் என்றால் வானம் பாறையைவிட 32 மடங்கு பிரகாசம். நம் கண் இதைப் பொருட்படுத்துவதில்லை. பாறையைப் பார்க்கும்போது ஒரு அளவுக்கும் வானத்தைப் பார்க்கும்போது வேறொரு அளவுக்கும் அது தன்னை மாற்றிக்கொள்கிறது. மூளை இரண்டையும் சேர்த்து ஒரே காட்சியாகத் தருகிறது. கேமராவோ முழுச் சட்டத்துக்கும் ஒரே எக்ஸ்போஷரைத்தான் கொடுக்க முடியும்.

ஸ்லைடு ஃபிலிம் காலத்தில் இது வாழ்வா சாவா என்ற பிரச்சினை. 1990இல் வந்த வெல்வியா போன்ற ஃபிலிமில் சுமார் ஐந்து ஸ்டாப்புக்குள் அடங்காத எதுவும் ஒன்று கருமையில் மூழ்கும், அல்லது வெளுத்துப்போகும். இன்றைய நல்ல முழுச்சட்ட சென்சார் தன் அடிப்படை ஐ.எஸ்.ஓ.வில் சுமார் 14 ஸ்டாப்வரை தாங்குகிறது. அப்படியானால் ஃபில்டர் எதற்கு? நியாயமான கேள்வி. விடை ஒளியின் இயல்பிலேயே இருக்கிறது.

ஒளி துகள்துகளாக வருகிறது. சென்சாரின் ஒரு புள்ளியில் விழும் ஃபோட்டான்களின் எண்ணிக்கை ஒவ்வொரு முறையும் கொஞ்சம் ஏறி இறங்கும். அந்த ஏற்ற இறக்கம், சராசரி எண்ணிக்கையின் வர்க்கமூலம் அளவுக்கு இருக்கும். 10,000 ஃபோட்டான் விழுந்தால் தடுமாற்றம் 100, அதாவது நூறில் ஒரு பங்கு. 100 மட்டுமே விழுந்தால் தடுமாற்றம் 10. பத்தில் ஒரு பங்கு ஆகிவிடும். நிழல் பகுதியைக் கணினியில் வெளிச்சமாக்கும்போது மணல் தூவியதுபோல் தெரியும் இரைச்சலில் பெரும்பங்கு இதுதான். வானம் வெளுத்துவிடாமல் காக்க எக்ஸ்போஷரை மூன்று ஸ்டாப் குறைத்தால் பாறைக்குக் கிடைக்கும் ஒளி எட்டில் ஒரு பங்காகிறது. அதற்குப் பதில் வானத்தை மட்டும் மூன்று ஸ்டாப் ஃபில்டரால் மறைத்தால், பாறைக்கு எட்டு மடங்கு ஒளி. இரைச்சலோடு ஒப்பிட்ட தெளிவு எட்டின் வர்க்கமூலம், அதாவது 2.8 மடங்கு கூடும். எந்த மென்பொருளும் பதியாமல்போன ஃபோட்டானைத் திரும்பக் கொண்டுவராது.

வானத்துக்கு ஒன்று, தரைக்கு ஒன்று என இரண்டு படம் எடுத்துக் கணினியில் இணைக்கலாமே என்பவர்கள் லெ கிரேயின் வழியில் நடக்கிறார்கள். அசையாத மலைக்கு அது மிக நல்ல வழி, நானும் பரிந்துரைப்பேன். பாறை மேல் வழிந்து இறங்கும் நுரைக்கும், காற்றில் தலையாட்டும் தென்னைக்கும் அது ஒத்துவராது. இரண்டு படங்களிலும் நுரை வெவ்வேறு இடத்தில் இருக்கும். அந்தக் கணத்தின் வானமும் அந்தக் கணத்தின் கடலும் ஒன்றாக வேண்டும் என்றால் ஒளியைக் கேமராவுக்குள் நுழையும் முன்பே சமன் செய்தாக வேண்டும்.

கிராஜுவேட்டட் ஃபில்டர் என்பது ஒரு செவ்வகப் பலகை. கீழ்ப்பாதி தெளிவு, மேற்பாதி சாம்பல், நடுவில் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறும் பட்டை. கடையில் ஒரே பலகையை 0.9 என்றும், என்.டி.8 என்றும், மூன்று ஸ்டாப் என்றும் மூன்று விதமாகச் சொல்லிக் குழப்புவார்கள். மூன்றும் ஒன்றே. இதில் 0.9 என்ற எண்ணுக்குப் பின்னால் ஒரு நல்ல கதை இருக்கிறது. இங்கிலாந்தின் விட்னஸ் ஊரில் ரசாயன ஆலையில் வேலை பார்த்த இருவர், ஃபெர்டினாண்ட் ஹர்ட்டர், வீரோ டிரிஃபீல்ட். ஃபோட்டோகிராஃபியை ஊகத்திலிருந்து அளவீட்டுக்குக் கொண்டுவர ஆசைப்பட்டு, 1890இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஒரு தகடு எத்தனை மடங்கு ஒளியைத் தடுக்கிறது என்பதன் மடக்கையை அவர்கள் அடர்த்தி என்றார்கள். 2இன் மடக்கை 0.3. ஆகவே ஒரு ஸ்டாப் 0.3, இரண்டு ஸ்டாப் 0.6, மூன்று 0.9. இதன் அழகு கூட்டலில் தெரியும். 0.3 பலகையையும் 0.6 பலகையையும் ஒன்றன் முன் ஒன்றாகச் செருகினால் 0.9. பெருக்க வேண்டியதில்லை. விடியலில் குளிரில் நின்றுகொண்டு கணக்குப் போடுகிறவருக்கு இது பெரிய உதவி.

கன்னியாகுமரிப் பாறைக்கு வருவோம். வித்தியாசம் ஐந்து ஸ்டாப். ஐந்து ஸ்டாப் ஃபில்டரைப் போட்டு வானத்தையும் பாறையையும் சமமாக்கினால் படம் பொய்யாகத் தெரியும். வானம் தரையைவிட வெளிச்சமாக இருப்பதைப் பிறந்ததிலிருந்தே பார்த்துப் பழகியவர்கள் நாம். மூன்று ஸ்டாப் போட்டு, இரண்டு ஸ்டாப் மிச்சம் விடுவது என் வழக்கம்.

ஃபில்டரைத் தேர்ந்தெடுப்பதில் இதற்கு அடுத்து வருவதுதான் பெரும்பாலோர் தடுக்கி விழும் இடம். மாறும் பட்டை குறுகலாக இருந்தால் ஹார்ட், அகலமாக இருந்தால் சாஃப்ட், இடைப்பட்டது மீடியம். அடிவானம் கோடு போட்டதுபோல் நேராக இருந்தால் ஹார்ட், மலையும் மரமுமாக மேடுபள்ளமாக இருந்தால் சாஃப்ட் என்று எல்லா வழிகாட்டிகளும் சொல்கின்றன. இந்த அறிவுரையில் பாதி விடைதான் இருக்கிறது. மற்ற பாதி லென்ஸுக்குள் இருக்கிறது.

லென்ஸை முன்னாலிருந்து பார்த்தால் உள்ளே ஒரு வட்டத் துளை தெரியும். அபெர்ச்சரின் பிம்பம் அது. தொலைவிலுள்ள ஒரு புள்ளியிலிருந்து வரும் ஒளி, ஃபில்டரை ஊசிமுனைபோல் ஓரிடத்தில் துளைத்து வருவதில்லை. அந்தத் துளையின் விட்டமளவு தடித்த கற்றையாகக் கடந்து வருகிறது. அந்தத் துளையின் விட்டம் குவியத்தூரத்தை எஃப் எண்ணால் வகுத்தால் கிடைக்கும். 16 மி.மீ. லென்ஸில் எஃப்/11 வைத்தால் 1.45 மி.மீ. 100 மி.மீ. லென்ஸில் அதே எஃப்/11 என்றால் 9 மி.மீ. ஃபில்டரில் கத்தியால் வெட்டியதுபோன்ற விளிம்பு இருந்தாலும், படத்தில் அது இந்தக் கற்றையின் தடிப்பளவுக்குப் பரவித்தான் விழும்.

பரவல் பெரிதா சிறிதா என்பது, ஃபில்டரின் எவ்வளவு உயரத்தை லென்ஸ் பார்க்கிறது என்பதைப் பொறுத்தது. கணக்குக்காக ஃபில்டர் அந்தத் துளைக்கு 50 மி.மீ. முன்னால் இருப்பதாக வைத்துக்கொள்வோம். முழுச்சட்ட சென்சாரின் உயரம் 24 மி.மீ. 16 மி.மீ. லென்ஸ் ஃபில்டரில் 75 மி.மீ. உயரத்தைப் பார்க்கும். 100 மி.மீ. லென்ஸோ வெறும் 12 மி.மீ.யை. முதலாவதில் விளிம்பின் பரவல் 75இல் 1.45, அதாவது சட்டத்தின் உயரத்தில் 2 சதவீதம். இரண்டாவதில் 12இல் 9, நான்கில் மூன்று பங்கு! ஒரே பலகை, ஒரே ஹார்ட் விளிம்பு; ஒரு லென்ஸில் கோடு கிழித்தாற்போல் விழுகிறது, இன்னொன்றில் சட்டம் முழுவதும் கரைந்துபோகிறது.

ஆகவே கேள்வியை இப்படித் திருப்பிப் போட வேண்டும் என்று நினைக்கிறேன்: என் அடிவானம் எப்படி இருக்கிறது என்பதற்கு முன், என் லென்ஸ் எது? அகலக்கோண லென்ஸில் ஹார்ட் ஃபில்டர் உண்மையிலேயே ஹார்ட். அங்கே சாஃப்டும் மீடியமும்தான் பெரும்பாலும் கைகொடுக்கும். 70 மி.மீ.க்கு மேல் போகும் லென்ஸில் சாஃப்ட் ஃபில்டர் பெரும்பாலும் வீண். அந்த லென்ஸ் பார்க்கும் சிறு பகுதி முழுவதும் மாறும் பட்டைக்குள்ளேயே அடங்கிவிடும், 0.9 என்று விலை கொடுத்து வாங்கியது சட்டத்தின் மேலுக்கும் கீழுக்கும் இடையே ஒன்றிரண்டு ஸ்டாப் வித்தியாசத்தைத்தான் தரும். மலைத்தொடரை டெலி லென்ஸில் எடுப்பவர், முகடு எவ்வளவு கரடுமுரடாக இருந்தாலும், ஹார்டையே வாங்கலாம். லென்ஸே அதை மென்மையாக்கிவிடும்.

இதிலிருந்து இன்னொன்றும் பிறக்கிறது. அபெர்ச்சரை மாற்றினால் கோட்டின் கூர்மையும் மாறும். 16 மி.மீ.யில் எஃப்/2.8 என்றால் துளை 5.7 மி.மீ., பரவல் சட்டத்தில் 8 சதவீதத்துக்கு அருகில். எஃப்/11க்குப் போனதும் 2 சதவீதம். அபெர்ச்சர் திறந்த நிலையில் திரையைப் பார்த்து ஃபில்டரை நிறுத்திவிட்டு எஃப்/11இல் சொடுக்கினால், கண்ணுக்குத் தெரியாதிருந்த கோடு படத்தில் தெரியும். கேமராவின் முன்னோட்டப் பொத்தானை அழுத்தி, படமெடுக்கப் போகும் அபெர்ச்சரிலேயே கோட்டைத் தேட வேண்டும். பலகையை மெல்ல மேலும் கீழும் அசைத்தபடி தேடினால் எளிது. நின்றுகொண்டிருக்கும் மங்கல் கோட்டைத் தவறவிடும் கண், நகரும் கோட்டை உடனே பிடித்துவிடும்.

குமரிமுனையிலேயே இது முழுதாகச் சோதனைக்கு வரும். வெறும் கடலும் வானமும் என்றால் அடிவானம் ஒரே நேர்கோடு. ஆனால் அங்கே வருபவர் யாரும் விவேகானந்தர் பாறையையும் வள்ளுவர் சிலையையும் விட்டுவிட்டு எடுப்பதில்லை. பீடத்தோடு சேர்த்து 133 அடி உயரச் சிலை அடிவானக் கோட்டைத் தாண்டி வானத்துக்குள் எழுந்து நிற்கிறது. கோட்டுக்கு மேலே உள்ளது வானமா கல்லா என்று ஃபில்டருக்குத் தெரியாது. அகலக்கோண லென்ஸில் ஹார்ட் போட்டால் வள்ளுவரின் பீடம் ஒரு நிறமும் உடல் இன்னொரு நிறமுமாகப் பிளந்துவிடும். சிலை பின்வெளிச்சத்தில் கரிய நிழலுருவாக மட்டும் வேண்டும் என்றால் கவலையில்லை. கல்லின் முகம் தெரிய வேண்டும் என்றால் மீடியம் அல்லது சாஃப்ட், அதுவும் 0.6க்கு மேல் வேண்டாம்.

சூரியன் எழும், மறையும் நேரத்துக்கென்றே இன்னொரு வகை உண்டு: ரிவர்ஸ். விடியலில் வானத்தின் மிகப் பிரகாசமான பகுதி உச்சியில் இல்லை, அடிவானத்தை ஒட்டிய பட்டையில் இருக்கிறது. சாதாரண ஃபில்டர் மேலே போகப்போகக் கறுப்பதால், ஏற்கெனவே இருண்ட மேல்வானத்தை மேலும் இருட்டாக்கி, எரியும் பட்டையைப் பாதி விட்டுவிடுகிறது. ரிவர்ஸில் நடுக்கோட்டில்தான் கறுப்பு அதிகம். மேலே போகப்போக வெளிறும். பெரும்பாலும் கடல் விடியலுக்கும் அந்திக்கும் பயன்படும் கருவி என்பதால் கடற்கரைக்காரர்களைத் தவிர மற்றவர்கள் இதை முதலில் வாங்க வேண்டியதில்லை.

அமெரிக்க மலையேறி கேலன் ரோவெல் பெயரை இங்கே சொல்லாமல் போக முடியாது. 2002இல் விமான விபத்தில் இறக்கும்வரை உலகின் உயர்ந்த மலைகளில் ஏறிப் படமெடுத்தவர். சிகரத்தில் செவ்வொளி, பள்ளத்தாக்கில் இருட்டு என்ற நிலை அவருக்கு அன்றாடம். சிங்ரே நிறுவனத்தோடு சேர்ந்து அவர் உருவாக்கிய ஹார்ட், சாஃப்ட் ஃபில்டர்கள் அவர் பெயரிலேயே விற்கப்பட்டன. ஸ்லைடு ஃபிலிமின் குறுகிய எல்லைக்குள் மலைகளை அடக்க அவருக்கு இருந்த வழி அதுதான்.

நீர்நிலைக்கு வேறு கணக்கு. கொடைக்கானல் ஏரியில் படகுகள் இறங்கும் முன் தண்ணீர் கண்ணாடிபோல் கிடக்கும் நேரம். வானமும் அதன் பிம்பமும் சட்டத்தில் பாதிப்பாதி. நீர் தன்மேல் விழும் ஒளி முழுவதையும் திருப்பித் தருவதில்லை. நேராகக் குனிந்து பார்த்தால் 2 சதவீதம்தான். கிடைமட்டத்திலிருந்து 10 டிகிரி தாழப் பார்த்தால் சுமார் 35 சதவீதம். 5 டிகிரி தாழப் பார்த்தால் 58 சதவீதம். ஸ்டாப்பில் சொன்னால், வானத்தைவிட அதன் பிம்பம் 10 டிகிரியில் ஒன்றரை ஸ்டாப்பும் 5 டிகிரியில் முக்கால் ஸ்டாப்பும் மங்கல். இங்கே மூன்று ஸ்டாப் ஃபில்டரைச் செருகினால் வானத்தைவிட அதன் பிம்பம் பிரகாசமாகிவிடும். இயற்கையில் நடக்க முடியாத காட்சி அது. காரணம் தெரியாதவர்கூட ஏதோ சரியில்லை என்று உணர்வார். ஏரிக்கு 0.3 போதும்.

கோடு எங்கே விழ வேண்டும் என்பதைப் படமெடுப்பவர் தீர்மானிக்க வேண்டும் என்பதால்தான் ஹோல்டர் பிறந்தது. லென்ஸில் நேரடியாகத் திருகும் வட்ட கிராஜுவேட்டட் ஃபில்டர் இன்றும் மலிவாகக் கிடைக்கிறது. அதில் கோடு எப்போதும் சட்டத்தின் நடுவில். அடிவானத்தை நடுவில் வைக்க மனமில்லாத யாரும் அதை வாங்க வேண்டாம். பிரெஞ்சு ஃபோட்டோகிராஃபர் ழான் கோக்கன் 1978இல் கோக்கின் என்ற பெயரில் கொண்டுவந்த அமைப்பு, ஒரு வளையம், ஒரு ஹோல்டர், அதில் வழுக்கி ஏறி இறங்கும் பலகை என்ற முறையை உலகெங்கும் பரப்பியது. வளையம் லென்ஸில் திருகும். ஹோல்டர் வளையத்தில் பொருந்திச் சுழலும். பலகை அதன் இடுக்கில் ஏறி இறங்கும். 77 மி.மீ. மரை விட்டமுள்ள லென்ஸுக்கு ஒரு வளையம், 67க்கு இன்னொன்று. பலகையும் ஹோல்டரும் ஒன்றே.

எந்த அளவு ஹோல்டர்? 85 மி.மீ., 100 மி.மீ., 150 மி.மீ. என்று அகலங்கள் உண்டு. விடையைக் கோணம் சொல்லும். 16 மி.மீ. லென்ஸில் சட்டத்தின் மூலைக்கு வரும் ஒளி, ஒவ்வொரு மில்லிமீட்டர் முன்னால் போகும்போதும் 1.35 மி.மீ. பக்கவாட்டில் விலகியிருக்கும். இரண்டாவது பலகைக்கான இடுக்கு 3 மி.மீ. முன்னால் நீட்டினால், அங்கே தேவைப்படும் திறப்பு ஒவ்வொரு பக்கமும் 4 மி.மீ. கூடுகிறது. படத்தின் மூலைகள் கறுத்துப்போவது இப்படித்தான். அகலக்கோணம் எடுப்பவர் 100 மி.மீ. ஹோல்டரை, தேவையான அளவு இடுக்குகளை மட்டும் பொருத்திப் பயன்படுத்தினால் நல்லது. பழக்கத்தால் மூன்று இடுக்கு வைத்துக்கொள்வது மூலைகளைப் பலி கொடுப்பதாகும். நிக்கான் 2007இல் வெளியிட்ட 14-24 மி.மீ. லென்ஸின் முன்கண்ணாடி குவிந்து பிதுங்கி நிற்பதால் திருகும் மரையே கிடையாது. அதற்காகவே லீ நிறுவனம் 150 மி.மீ. ஹோல்டர் ஒன்றை உருவாக்கியது. சிறிய மிரர்லெஸ் கேமராவும் 24 மி.மீ.க்குக் குறையாத லென்ஸும் வைத்திருப்பவருக்கு இவ்வளவு பெரியது பாரம்தான்.

துருவப்பட்ட ஒளியை வடிகட்டும் போலரைசரை ஹோல்டரோடு சேர்ப்பதில் ஒரு எச்சரிக்கை. வானத்தின் ஒளி சூரியனிலிருந்து 90 டிகிரி விலகிய பட்டையில்தான் மிக அதிகமாகத் துருவப்பட்டிருக்கும். அகலக்கோண லென்ஸ் அந்தப் பட்டையையும் அதன் இருபுறத்தையும் சேர்த்துப் பார்ப்பதால் வானத்தில் கருநீலத் திட்டு விழும். அதன்மேல் கிராஜுவேட்டடும் சேர்ந்தால் திட்டு இன்னும் துலங்கும்.

பலகையின் பொருளைப் பற்றி. பிசின் பலகைகள் பெரும்பாலும் சி.ஆர்.-39 என்ற பிளாஸ்டிக்கால் ஆனவை. மூக்குக்கண்ணாடி வில்லைகளும் அதிலேயே செய்யப்படுகின்றன. சாயத்தில் முக்கி எடுத்து நிறமேற்றுகிறார்கள். கண்ணாடியின் எடையில் பாதிதான், விழுந்தால் நொறுங்காது, ஆனால் எளிதில் கீறும். கண்ணாடிப் பலகையில் வெற்றிடத்தில் ஆவியாக்கிய உலோக மென்படலம் படிந்திருக்கும். எளிதில் கீறாது, நிறம் பெரும்பாலும் சாம்பலாகவே இருக்கும், கை தவறினால் தீர்ந்தது. சாயங்கள் கண்ணுக்குத் தெரியும் ஒளியைத் தடுக்குமளவு அகச்சிவப்பைத் தடுப்பதில்லை. சிலிக்கான் சென்சாருக்கு அகச்சிவப்பு தெரியும். அதனால்தான் அடர்ந்த சாயப் பலகைகளில் செம்பழுப்பு படிகிறது. வாங்கும் முன் சோதிக்க எளிய வழி உண்டு: வெள்ளை மேகம் மூடிய வானத்தை ஃபில்டரோடும் இல்லாமலும், வெள்ளைச் சமநிலையை மாற்றாமல் எடுத்து, எக்ஸ்போஷரைச் சமப்படுத்தி இரண்டையும் அருகருகே வையுங்கள். நிறம் மாறினால் வேறு பலகை பாருங்கள்.

பூச்சில்லாத ஒவ்வொரு பரப்பும் சுமார் 4 சதவீத ஒளியைத் திருப்பி அனுப்புகிறது. இரண்டு பலகை என்றால் நான்கு பரப்பு, 15 சதவீதம் இழப்பு. அந்த ஒளி பலகைகளுக்கும் லென்ஸுக்கும் இடையே அலைந்து பேய்ப்பிம்பங்களாகவும் வரலாம். உங்களுக்குப் பின்னாலிருந்து சூரியன் அடித்தால் ஹோல்டருக்கும் பலகைக்கும் இடையேயுள்ள இடைவெளி வழியாக ஒளி புகுந்து உங்கள் சட்டையின் நிறம்கூடப் பலகையில் பிரதிபலிக்கும். லென்ஸை ஒட்டிய இடுக்கில் பஞ்சுப் பட்டை வைத்த ஹோல்டராகப் பார்த்து வாங்குங்கள்.

கடற்கரையில் பலகைமேல் உப்புத் துளி விழாமல் இருக்காது. துடைக்க வேண்டியது எப்போது என்பதையும் லென்ஸுக்குள் தெரியும் அதே வட்டத் துளையின் விட்டம்தான் சொல்கிறது. 100 மி.மீ. லென்ஸில் எஃப்/4 என்றால் கற்றையின் தடிப்பு 25 மி.மீ.; 2 மி.மீ. துளி அதன் பரப்பில் நூறில் ஒரு பங்குகூட மறைக்காது, படத்தில் தெரியவே தெரியாது. 16 மி.மீ.யில் எஃப்/16 என்றால் கற்றை 1 மி.மீ.; அதே துளி கற்றையை முழுக்க மறைத்துப் படத்தில் மங்கல் பொட்டாக வந்து உட்கார்ந்துவிடும். அகலக்கோணத்தில் எடுப்பவர் ஒவ்வொரு அலைக்குப் பிறகும் பலகையைப் பார்க்க வேண்டும். துளி இருந்தால், உலர்ந்த துணியால் தேய்க்காமல் முதலில் நன்னீர் தெளித்து உப்பைக் கரைத்துவிட்டு, மென்துணியால் ஒற்றி எடுங்கள். காய்ந்த உப்புப் பொடி பிசின் பலகையில் கீறல் போட்டுவிடும்.